சம்பந்தி வாங்கிய பேட்டரி

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இனிமேல் போனில் பேச வேண்டாம் என்று நான் சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பேசும்போது நானும் பேசுகிறேன், நான் பேசும்போது நீங்களும் பேசுகிறீர்கள், கடைசியில் இருவரில் ஒருவர் படக்கென்று வைத்துவிடுகிறோம். போன முறை வைத்தது நீங்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. ஒருவர் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர் வாயைத் திறக்க முடியும். தபால் அலுவலகக் கவுண்டரிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன், கடிதத்தால் பிரிந்த குடும்பங்களைவிட போனால் பிரிந்த குடும்பங்கள்தான் அதிகம். இந்த உறைக்கு நானே என் கையால் முத்திரை குத்தி அனுப்புகிறேன்.

உங்கள் ஊரில் பிள்ளைகள் குடியிருக்கும் வாடகை வீட்டில் தினமும் பொழுது சாய்ந்ததும் கரண்ட் போய்விடுகிறது என்பது உங்களுக்கும் தெரியும். நமக்கு இருட்டு என்றால் கொசுவும் புழுக்கமும்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் காது கேட்காது. கைதான் அவர்களுக்கு வாய். வேலை முடிந்து வந்து எதிரெதிரே உட்காரும் நேரத்தில் விளக்கு அணைந்தால் அன்றைய பேச்சும் அதோடு சரி. மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தார்களாம். கை தெரிகிறது, முகம் தெரியவில்லை, பாதி அர்த்தம் முகத்தில்தான் இருக்கிறது என்று என் மகள் எழுதியிருந்தாள். கல்யாணமாகி முதல் வருடம், சம்பந்தி. இப்போது பேசாமல் எப்போது பேசப் போகிறார்கள்?

மே மாதத்தோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. இந்த இருட்டு தீராவிட்டால் காலி செய்துவிட்டு உங்கள் வீட்டு மாடிக்கே வந்துவிடலாம் என்று மாப்பிள்ளை யோசிக்கிறாராம். என் மகளுக்கு அந்த வீட்டை விட மனமில்லை. அவள் அளந்து படம் போட்டுக் கொடுக்க, மாப்பிள்ளை கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்த வீடு அது.

ஆகவே ஒரு யோசனை. அந்த வீட்டுக் கூரையில் நாள் முழுக்க வெயில் அடிக்கிறது. சோலார் வைத்துவிடலாம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடினால் போதும். வெயிலைப் பிடிக்கும் பேனலும், அதிலிருந்து பேட்டரிக்கு மின்சாரத்தை அளவாக விடும் கன்ட்ரோலரும் என் பொறுப்பு. பேட்டரியும் இன்வெர்ட்டரும் உங்கள் பொறுப்பு. வேலைக்குப் போகிற பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம், நாமே முடித்துவிடலாம்.

அவர்கள் உங்கள் மாடிக்கு வர வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். அந்த ஆசையால் பேட்டரி தாமதமாகாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 12

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை கழுவிக்கொண்டு வந்து படிப்பதற்குள் பேக்கரியில் வேலை செய்கிற பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாருக்கா இப்பல்லாம் லெட்டர் போடுறாங்க, கோர்ட்டுல இருந்தா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

போனை வைத்தது நான்தான். அடுப்பில் பன் கருகிக்கொண்டிருந்தது. உங்களோடு வாதாடி ஜெயிக்கவும் முடியாது, கருகின பன்னை விற்கவும் முடியாது. இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று ஓடினேன்.

மாடி விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆசைதான். அவன் அப்பா போனபோது அவன் கைக்குழந்தை. பள்ளிக்கூட வயது வந்ததும் காது கேளாதவர்கள் பள்ளி விடுதியில் சேர்த்தேன், அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம். என் பிள்ளை என் வீட்டில் முழுசாக இருந்தது விடுமுறைக்கு மட்டும்தான். இங்கே பேக்கரிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, மாடியில் இருட்டே கிடையாது. வந்தால் வேண்டாம் என்றா சொல்வேன்?

ஆனால் மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம். உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே பேட்டரிக் கடைக்குப் போய்விட்டேன். கடைக்காரர், "அக்கா, சின்ன வீட்டுக்கு பன்னெண்டு வோல்ட் தாராளம். கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். கண்ணைத் திறந்துகொண்டே எடுத்து வந்தேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று, அதற்கேற்ற இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரி என்ன கனம் தெரியுமா? ஒரு மூட்டை மாவைத் தனியாகத் தூக்குகிறவள் நான், என்னையே இடுப்பைப் பிடிக்க வைத்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். என் பையனுக்காக இவ்வளவு வெளிச்சம் தேவையா என்றுகூட நினைத்தேன். அவன் சின்ன வயதிலிருந்தே பேசாத பிள்ளை. லீவுக்கு வந்தால் சாப்பிடுவான், மாவு சலித்துக் கொடுப்பான், ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். மருமகள்தான் பேசுகிறவள். அவளுக்காகத்தான் வாங்கினேன்.

பேனல் எப்போது வரும்?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 19

சம்பந்தியம்மாளுக்கு,

பன்னிரண்டா?

நான் வாங்கிய பேனல் இருபத்து நான்கு வோல்ட். பெரியதாக ஒன்றே ஒன்று. லாரி அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பேனல் கடைக்கு ஓடினேன். "பன்னெண்டு வோல்ட் பேட்டரியா? நீங்க வாங்கின கன்ட்ரோலர்ல பேனலை அதோட மாட்டினா வேலை செய்யும்மா, ஆனா பாதி வெயில் வீணாத்தான் போகும்" என்கிறார். பாதி வெயில் என்றால் என்ன அர்த்தம்? பாதி நேரம் விளக்கு. அதாவது பிள்ளைகள் பாதி வாக்கியத்தில் இருட்டில் உட்கார வேண்டும்.

வாங்குமுன் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். மறுநாளே ஓடினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்தால் இப்படித்தான் ஆகும்.

மனதில் பட்டதை மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இந்த ஏற்பாடு சரியாக அமையாமல் போனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். மாடி அறைக்குத்தான் லாபம். நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 26

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் செய்த ரொட்டி எதுவும் சரியாக உப்பவில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவசரக்காரி, படிக்காதவள், போனைப் பாதியில் வைப்பவள், எல்லாம் உண்மை. பிள்ளையின் விளக்கை அணைத்துவிட்டு அதில் குளிர் காய்கிறவள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாங்க என்னால் ஆகாது.

நேற்றெல்லாம் அழுதேன். இன்று காலையில் எழுந்ததும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பெண்ணைப் பெற்றவர். எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு, உங்கள் பெண் இருட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பதறுகிறீர்கள். பதறுகிற வாய்க்கு வார்த்தை தெரியாது. அதனால் உங்கள் மேல் இருந்த கோபத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நல்ல செய்தி சொல்கிறேன். வண்டி பிடித்து பேட்டரியைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். நான் அங்கேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் வழிக்கு வந்தார். இருபத்து நான்கு வோல்ட் இன்வெர்ட்டர் கொடுத்தார். பேட்டரி இரண்டு கொடுத்தார், ஒவ்வொன்றும் பன்னிரண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால் இருபத்து நான்கு ஆகிவிடுமாம்.

இனி உங்கள் பேனலும் என் பேட்டரியும் சரிக்குச் சரி. பேனலை லாரியிலிருந்து இறக்கினதும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 26

அன்புள்ள சம்பந்திக்கு,

போன கடிதத்தைப் பெட்டியில் போட்ட நிமிடமே திரும்ப எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கக்கூடிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் போட்ட தபால் போட்டதுதான் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவள், எனக்கு மட்டும் ஒரு சட்டமா என்று விட்டுவிட்டேன். அந்தச் சட்டத்தால் உங்கள் மனம் புண்பட்டிருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அந்த பேட்டரியை இடுப்பு வலிக்கத் தூக்கி வந்ததாக எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மாவை மறுபடியும் அதைத் தூக்கவைப்பது எனக்கு அழகா? பெண்ணைக் கொடுத்தவள் நான், வளைந்து கொடுக்க வேண்டியவளும் நான்தான். நல்ல வேளையாக லாரி இன்னும் கிளம்பவில்லை. பேனலை அங்கிருந்தே திரும்ப வாங்கிக் கடையில் கொடுத்து, அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு வோல்ட் பேனல் இரண்டு வாங்கி ஏற்றிவிட்டேன்.

இனி உங்கள் பேட்டரியும் என் பேனலும் அச்சாகப் பொருந்தும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்


ஏப்ரல் 2

சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் கவுண்டரில் வைத்தே பிரித்தேன். படித்து முடித்ததும் நான் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற பெரியவர், "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் சம்பந்தி என்னைவிட நல்லவராக இருந்து தொலைத்துவிட்டார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தபால்தலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் இரண்டும் இப்போதும் பொருந்தாது என்பது உறைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேனல் கடைக்குப் போய் விசாரித்தேன். முன்பு பாதி வெயிலாவது உள்ளே போயிருக்கும். இப்போது பன்னிரண்டு வோல்ட் பேனலால் இருபத்து நான்கு வோல்ட் பேட்டரிக்குள் ஒரு சொட்டுகூட ஏற்ற முடியாதாம். மறுபடியும் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். "அம்மா, நான் கடை வச்சிருக்கேன், ஊஞ்சல் வைக்கலை" என்று சொல்லிவிட்டார்.

தயவுசெய்து நீங்கள் எதையும் மாற்றாதீர்கள். நானும் மாற்றவில்லை. நாம் இருவரும் இன்னொரு முறை ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டால் பிள்ளைகள் நிச்சயமாக வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

வீட்டுக்காரருக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மகள் எழுதியிருக்கிறாள். அவளுக்கு நம் கூத்து எதுவும் தெரியாது. நான் எப்படிச் சொல்வது? இன்றைக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்தவர் நீங்கள், உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி


ஏப்ரல் 15

அன்புள்ள சம்பந்திக்கு,

விளக்கு எரிகிறது. முதலில் இதைப் படித்து நிம்மதியாக மூச்சு விடுங்கள். மிச்சத்தை மெதுவாகப் படிக்கலாம்.

லாரி நேராக என் பேக்கரி வாசலில் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேட்டரி, வெளியே இரண்டு பேனல், நடுவில் நான். உங்கள் கடிதம் கையில் இருந்தது. பேட்டரிக் கடைப் பக்கம் நான் எட்டிப் பார்த்தாலே அந்த மனிதர் சாப்பிடப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்துகிறார். வேறு வழி தெரியாமல் மருமகளை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவளை உட்கார வைத்து, நீங்கள் எழுதிய கடிதங்களை வரிசையாகக் கொடுத்தேன். நான் எழுதியதை நடித்தே காட்டினேன், வேறென்ன செய்ய.

உங்கள் பெண் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் பன் சுற்றும் தாளில் எழுதிக் காட்டினாள். "அத்தை, உங்க ரெண்டு பேட்டரியும் பன்னெண்டுதானே? அதைச் சேர்த்துக் கட்டினா இருபத்தி நாலு ஆகுதில்ல? பேனலையும் அதே மாதிரி சேர்த்துக் கட்டினா முடிஞ்சது. ஒண்ணோட பிளஸ்ஸை இன்னொண்ணோட மைனஸ்ல கோக்கணும், அவ்வளவுதான்."

தாளைத் திருப்பி இன்னொரு வரியும் எழுதினாள். "எங்க வீட்டு விளக்குதானே? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ரெண்டு பேரும்."

சம்பந்தி, நமக்கு இது தேவைதான். வோல்ட் என்ன என்று பேட்டரிக் கடையில் கேட்டோம், பேனல் கடையில் கேட்டோம், தபால் போட்டு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கட்டட அலுவலகத்தில் தினமும் வயரிங் படம் வரைகிற பெண்ணை மட்டும் நாம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்தார். கூரையில் சட்டம் அடித்து, பேனலை வெயில் பக்கம் சாய்த்து வைத்து, எர்த் கம்பி இறக்கி, ஃபியூஸ் போட்டார். நீங்கள் அனுப்பிய கன்ட்ரோலர் இரண்டு விதத்துக்கும் ஒத்துவருமாம், அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மருமகள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி எல்லா வீட்டுலயும் படம் கொடுத்தா நான் பாதி நாள்ல வேலையை முடிச்சிடுவேன்" என்றார். என் பையன் பேனல் சட்டத்துக்கு வண்ணம் அடித்தான். கூரைமேல் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். காக்கா பார்க்கும் என்று சைகை காட்டினான்.

இரண்டு நாள் வெயில் குடித்த பிறகு முதல் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போலக் கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. அந்த வீட்டில் மட்டும் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. உங்கள் பெண் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் வெட்கமென்ன.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நான்கு நாளாக முயற்சி செய்கிறேன்.

என் பையன் பேச ஆரம்பித்தான். அவன் கார்களுக்கு வண்ணம் அடிக்கிற பட்டறையில் நடந்த கதை என்று மருமகள் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினாள். ஒருவர் தன் காருக்குப் புது நிறம் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். எடுக்க வந்த அன்று அந்தக் காரின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு, என் கார் எங்கே என்று முதலாளியோடு சண்டை போட்டாராம். என் பையன் அந்தக் காரின் சொந்தக்காரராக மாறினான், முதலாளியாக மாறினான், நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற தானாகவும் மாறினான். மருமகள் குறுக்கே புகுந்து ஏதோ கேட்டாள், இவன் அதற்கு ஒரு பதில் சொன்னான், அவள் தலையணையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். மணிக்கணக்காக ஓயவில்லை அந்தக் கை.

நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பேசாத பிள்ளை என்று உங்களுக்கு எழுதினேனே. எனக்குத் தெரிந்த சைகைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வா, போ, சாப்பிடு, குளி, கதவைச் சாத்து. இந்த ஐந்து சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் என்னிடம் என்னதான் பேசியிருக்க முடியும்? பெற்றது ஊரிலேயே பெரிய வாயாடியை. அவனைப் பேசாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். மாடி காலியாகத்தான் இருக்கும். வருத்தமில்லையா என்று கேட்டால், இருக்கிறது, கொஞ்சம். ஆனால் இங்கே வந்திருந்தால் அவன் மறுபடியும் சாப்பிட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து என்னைத்தான் வேடிக்கை பார்த்திருப்பான். இப்போது நான் போய் அவனை வேடிக்கை பார்க்கிறேன். கரண்ட் போகிற நேரம் பார்த்துக் கடையை அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். உங்கள் பெண் எனக்கு தினமும் கொஞ்சம் சைகை சொல்லிக் கொடுக்கிறாள். மாவு பிசைந்து பழகிய கைக்கு விரல் மடங்க மாட்டேன் என்கிறது. அடிக்கடி நான் எதையோ சொல்லப் போய் வேறெதையோ சொல்லி, இரண்டு பேரும் உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று என் பையன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சைகையாகக் காட்டி ஒரு கேள்வி கேட்டான். அப்பா எப்படிப்பட்டவர் என்று.

இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. கேட்க நினைத்தது எத்தனை முறையோ, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது. இப்போது புரிந்தது, ஆனால் அவரைச் சொல்லிக் காட்டும் சைகை எதுவும் நான் இன்னும் கற்கவில்லை. உங்கள் பெண்ணைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்கள் என்று அவள் கையால் காட்டினாள்.

எழுந்து நின்றேன். அவர் நடக்கிற மாதிரி ஒரு தோளைச் சரித்துக்கொண்டு அறைக்குள் நடந்தேன். அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்ததும் அவர் அதைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார், சுட்டுவிட்டால் சுடாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதைச் செய்து காட்டினேன். என்னோடு சண்டை போட்டால் மாவுக் கையை என் மூக்கில் தடவிவிட்டு ஓடுவார். அதையும் செய்தேன், என் பையனின் மூக்கிலேயே. குழந்தையாக இருந்தபோது அவனைத் தராசில் உட்கார வைத்து, மறு தட்டில் ரொட்டியை அடுக்கி எடை பார்த்ததைச் செய்தேன். அவன் கண் கொட்டாமல் பார்த்தான். பிறகு எழுந்து என் பக்கத்தில் நின்று, ஒரு தோளைச் சரித்துக்கொண்டு நடந்தான். சம்பந்தி, அப்படியே அவர்தான்.

நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "கரண்ட் வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் பேட்டரியிலதான் ஓட்டுறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் தெருவில் வெளிச்சம் வந்திருந்ததைப் பார்த்தேன்.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். மாடியில் தங்குங்கள், வேண்டுமட்டும் நேரிலேயே சண்டை போடலாம். என் பையன் உங்களையும் செய்து காட்டுகிறான், முத்திரை குத்துவதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதும். மிச்சத்தை நான் எழுதமாட்டேன். நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாயாடியின் அம்மா